பனிநாட்டு வாடிக்கையாளர்

அத்தியாயம் 6

"டிங்!" என்றது கம்ப்யூட்டர்.

"பாருங்க, பாருங்க! நீங்க இருக்கும்போதே பண்றா பாருங்க!" பார்லர்காரி தான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியிலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நிறுத்த முடியாமல் இன்னொரு அரைச் சுற்றும் போய், சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் இருக்கு," என்றாள் தந்தி. "அங்க தெரியறது காலண்டர்."

தந்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு செய்தி அவள் காதில் விழுந்தால் அது தெருக்கோடியைத் தொடுகிற வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வைத்தது. துப்பறியும் நிபுணி அண்ணிக்கு அவள் உதவியாளர். அண்ணி என்பதும் தந்திக்கு மட்டும்தான் உறவு, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. போலீஸ் ஸ்டேஷன் உட்பட மற்ற எல்லோருக்கும் அது பட்டம்.

அண்ணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பார்லரின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு முன்பதிவு விழுந்திருந்தது. நாளைக் காலை பதினொரு மணி. பெயர் என்ற இடத்தில்: 'விடறதா இல்லை.' எங்கிருந்து என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் காட்டும் இடத்தில், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு தூர தேசம்.

"ஒரு வாரமா இதே கதை அண்ணி," என்றாள் பார்லர்காரி. "முதல்ல 'ஒரு பெண்மணி'ன்னு வந்தது. அப்புறம் 'அதே பெண்மணி.' அப்புறம் 'இன்னும் அதே பெண்மணிதான்.' முந்தாநாள் 'பொறுமைக்கும் அளவு உண்டு.' இப்ப இது! எல்லா நேரத்தையும் பிடிச்சு வெச்சுக்கறா. ஒண்ணுக்கும் வரமாட்டேங்கறா. நிஜமா வர நினைக்கறவங்க திறந்து பார்த்தா 'இடமில்லை'ன்னு காட்டுது. இருக்கறது ரெண்டு நாற்காலி. ரெண்டுலயும் நானே மாத்தி மாத்தி உக்காந்துக்கறேன்."

"பண்றது யாருன்னு உங்க மனசுல படுது?"

"படறதென்ன அண்ணி! என் கூடப்பிறந்த தங்கச்சி. அந்தப் பனிநாட்டுல வாழ்க்கைப்பட்டுப் போனவ. நான் கடை வைக்கப் போறேன்னு சொன்னப்ப, 'உனக்கு இருக்கற கோபத்துக்கு ஒரு கஸ்டமர் நிக்கமாட்டா, ஈ ஓட்டப் போறே'ன்னு சொன்னவ. நேத்து பெட்டியைத் தூக்கிட்டு, சொல்லாம கொள்ளாம வாசல்ல வந்து நிக்கறா. கடைக்கு ஒரு வருஷம் முடிஞ்சதாம், பார்க்க வந்தாளாம்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'என் கடையைக் கெடுக்கறவ நீதான், என் படி மிதிக்காதே'ன்னு சொன்னேன். போயிட்டா. பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்ல இருக்காளாம். என் போனையும் எடுக்கமாட்டேங்கறா. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்ஸி, ராத்திரி பிளேன். இனிமே வரவே மாட்டா. அவ ஏறறதுக்குள்ள, செஞ்சது அவதான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

சொல்லிவிட்டு அவள் ஹேர் டிரையரை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து ஓடவிட்டாள்.

"என்ன பண்றீங்க?" என்றாள் தந்தி.

"கண்ணை ஆத்திக்கறேன். துண்டால துடைச்சா மை கலையும்."

மாடியிலிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. விட்டத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு தந்தியின் தலையில் உதிர்ந்தது.

"என் மாமியார்," என்றாள் பார்லர்காரி. "டிரையர் சத்தம் கேட்டா கைத்தடியால தரையைத் தட்டுவாங்க. நான் கடை வெச்ச நாள்லேருந்து கீழ எட்டிப் பார்த்ததில்ல. 'வீட்டுக்குள்ள முடி வெட்டற கடையா'ன்னாங்க, அதோட எங்க பேச்சு நின்னது. என் வீட்டுக்காரர்தான் நடுவுல போஸ்ட்மேன்."

"பாவம், ஒரு தபால்தலையாவது ஒட்டி விடுங்க அவருக்கு," என்றாள் தந்தி.

டொக் டொக் திடீரென்று நின்றது. டிரையர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில், "டிங்!" நாளை மதியம் பன்னிரண்டு மணி. பெயர்: 'இப்பவாவது.'

அண்ணி விட்டத்தைப் பார்த்தாள். யோசிக்கும்போது விட்டத்தைப் பார்ப்பது அவள் வழக்கம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் அண்ணி. "லாட்ஜ்ல உக்காந்திருக்கற தங்கச்சி, இப்ப பனிநாட்டுலேருந்து எப்படி பதிவு பண்ணினா?"

பார்லர்காரி டிரையரை அணைத்தாள். இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கோபக்காரர்களுக்குப் பதில் பஞ்சமே கிடையாது. "அவ புருஷன் அங்கதானே இருக்கான்!"

"சரிதான்," என்றாள் தந்தி. "வேலைவெட்டி எல்லாம் விட்டுட்டு, பனியில குந்திக்கிட்டு, 'ஒரு பெண்மணி'ன்னு பேர் போட்டு, மச்சினி கடையில முடி வெட்ட நேரம் கேக்கறாராக்கும் மனுஷன்."

அண்ணி அதற்குள், பக்கத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்று காட்டும் திரையைத் திறந்திருந்தாள். "இந்தப் பேஜ்ல என்னம்மா இருக்கு?"

"என்ன இருக்கும், படம்தான். கொண்டை, பின்னல், குட்டை முடி, சுருட்டை முடி. பார்லர் பேஜ்ல வேற என்ன போடுவாங்க?"

"உங்க பனிநாட்டுப் பெண்மணி இத்தனை தடவை வந்திருக்கா. ஒரு படத்தைக்கூடப் பார்க்கல. படமே அவ போனுக்குப் போகல. வெறும் எழுத்தை மட்டும் படிச்சுட்டு பட்டனை அழுத்தியிருக்கா. பார்லர் பேஜுக்கு வந்து படம் பார்க்காத பொம்பளையை நீங்க பார்த்ததுண்டா?"

"சினிமா தியேட்டருக்கு வந்து கண்ணை மூடிக்கிட்டு டிக்கெட் வாங்கின மாதிரி இருக்கு," என்றாள் தந்தி.

"தந்தி, உன் போன்ல இந்தப் பேஜைத் திற. பதிவு எதுவும் பண்ணாதே, சும்மா திற."

தந்தி திறந்தாள். அண்ணி திரையைக் காட்டினாள். புதிதாக ஒருத்தர் வந்திருக்கிறார். எங்கிருந்து? பனிநாட்டிலிருந்து.

தந்தி திரையைப் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். சந்தேகத்துக்கு ஜன்னல் வழியாகத் தெருவையும் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "அண்ணி, நான் எப்ப வெளிநாடு போனேன்? போனதுதான் போனேன், ஒரு ஸ்வெட்டராவது வாங்கியிருப்பேனே!"

"அடிப்பாவி, நீதானா!" என்று பார்லர்காரி ஒரு ஷாம்பு பாட்டிலைத் தூக்கினாள்.

"அதைக் கீழ வைங்க. அவ இல்ல," என்றாள் அண்ணி. "உன் போன்ல இருக்கறது லைட் பிரௌசர்தானே தந்தி?"

"வேற வழி? என் போன் ஒரு ஒண்டுக்குடித்தனம் அண்ணி. புதுசா ஒரு போட்டோ குடிவந்தா பழசு ஒண்ணு காலி பண்ணணும். பெரிய பிரௌசருக்கு எங்க போறது இடத்துக்கு?"

"அதான் விஷயம். பெரிய பிரௌசர், தானே நேரா கடைக்குப் போய் மூட்டை முடிச்சோட எல்லாத்தையும் தூக்கிட்டு வரும். உன்னோடது இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காது. தூர தேசத்துல அதுக்குன்னு ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. 'நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு'ன்னு அதை அனுப்பும். அது போகும், பார்க்கும், கனமானதை எல்லாம் கழிக்கும், மிச்சத்தை நசுக்கி மடிச்சு ஒரு சின்னப் பொட்டலமா உன் போனுக்கு அனுப்பும். அதனாலதான் உன் ஓட்டைப் போன்லயும் பேஜ் சட்டுன்னு திறக்குது, டேட்டாவும் மிச்சமாகுது. இப்ப சொல்லு, கடைக்காரி கண்ணுக்குத் தெரியறது நீயா, நீ அனுப்பின ஆளா?"

"அனுப்பின ஆள்!" தந்தி துள்ளினாள். "அந்த ஆள் பனிநாட்டுல குடியிருக்கான்! அப்ப இந்தப் பெண்மணி இங்கேயே, இந்த ஊர்லயே, அடுத்த தெருவுலகூட இருக்கலாம்!"

"அடுத்த தெருவரைக்கும் போவானேன்," என்றாள் அண்ணி.

பார்லர்காரியின் கையிலிருந்த பாட்டில் மெல்ல மேஜைக்குப் போனது. "அப்ப... என் தங்கச்சி இல்லையா?"

"இன்னொண்ணு பாருங்க. நேத்து சாயங்காலத்திலிருந்து இதே ஊர்லேருந்து ஒருத்தர் இந்தப் பேஜைத் திறக்கறார், மூடறார், திறக்கறார், மூடறார். இந்த ஊர் கடையில விக்காத விலை உசந்த போன். எல்லாப் படத்தையும் பெருசு பண்ணிப் பார்க்கறார். அதிக நேரம் பார்த்தது எதைத் தெரியுமா? கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சிரிக்கற போட்டோவை. பதிவு எதுவும் பண்ணல."

பார்லர்காரி மறுபடியும் ஹேர் டிரையரைத் தேடினாள். தந்தி அதை எடுத்து ஒளித்து வைத்தாள்.

"அழறதுக்கு நேரமில்ல. மணி மூணரை," என்றாள் அண்ணி. "யாருன்னு தெரியாம 'தங்கச்சி இல்ல'ன்னு மட்டும் சொன்னா, ராத்திரியே உங்களுக்கு மறுபடி சந்தேகம் வரும். எனக்கு ஆளே வேணும். தந்தி, பேஜ் மேல ஒரு படம் போடு. படத்துக்குள்ள இப்படி எழுது: 'இன்று நாலரை மணிக்கு, பதிவு இல்லாமலே வரலாம். முன்வாசல்.'"

"சரி."

"படம் வராத போனுக்குன்னு, படத்துக்குப் பின்னாடி ஒரு வரி எழுதி வைக்கலாம் இல்ல? படம் வந்தா அந்த வரி கண்ணுக்கே தெரியாது. படத்தை நிறுத்தி வெச்சிருக்கறவங்களுக்குப் படம் இருக்க வேண்டிய இடத்துல அதுதான் தெரியும். அந்த வரியில எல்லாம் அதே மாதிரி எழுது. முன்வாசலை மட்டும் பின்வாசல்னு மாத்து."

தந்தி வாயைப் பிளந்தாள். "அண்ணி, ஊர்ல எல்லாரும் முன்னாடி வருவாங்க. பின்னாடி வர்றது அந்தப் பெண்மணி மட்டும்தான்! உங்களை எங்க அண்ணன் எப்படித்தான் கட்டிக்கிட்டு சமாளிக்கறாரோ!"

"சமாளிக்கல. ஒத்துக்கிட்டார்."

"ஆனா கடையைக் கெடுக்க நினைக்கற விரோதி எதுக்கு நேர்ல வருவா?" என்றாள் பார்லர்காரி.

"விரோதின்னா வரமாட்டா," என்றாள் அண்ணி. "அதையும்தான் தெரிஞ்சுக்கணும்."

நாலரை மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முன்வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு வாரமாக இடமில்லை இடமில்லை என்று காய்ந்து கிடந்தவர்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தியும் அவளுடைய மேலதிகாரியும் ஒரே நாற்காலிக்கு ஓடி, மேலதிகாரி ஜெயித்தாள். பார்லர்காரி ஒரு வாரம் கழித்துக் கத்தரிக்கோலைப் பிடித்தாள். கை கத்தரிக்கோலில், கண் கடிகாரத்தில்.

அண்ணியும் தந்தியும் கொல்லைப்புறத்தில், துண்டு காயும் கொடிக்குப் பின்னால் பதுங்கினார்கள். எதிரே சந்துக்குத் திறக்கும் இரும்புக் கதவு.

"அண்ணி, ஆள் குண்டா இருந்தா நீங்க பிடிங்க. ஒல்லியா இருந்தா நான்."

"நடுத்தரமா இருந்தா?"

"பேசித் தீர்த்துக்கலாம்."

கதவு கிரீச்சென்றது. தந்தி ஒரு ஈரத்துண்டோடு பாய்ந்தாள். "மாட்டினியா!"

"தண்ணி கேன்மா!" என்று துண்டுக்குள்ளிருந்து அலறல் வந்தது. கேன் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. தண்ணி கேன்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாசனையா இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலரை ஆனது. சந்தில் ஒரு பூனைகூட இல்லை. தந்தி கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணியோ கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது, மாடியிலிருந்து கொல்லைக்கு இறங்கும் படிக்கட்டை.

டொக். டொக். டொக்.

இந்தத் தடவை அது விட்டத்தில் கேட்கவில்லை. படியில் கேட்டது. ஒவ்வொரு படியாக இறங்கியது. தலையில் முக்காடு, கண்ணில் மகனுடைய கறுப்புக் கண்ணாடி, ஒரு கையில் தடி, மறு கையில் விரிசல் விட்ட ஒரு பழைய போன். அந்த உருவம் பின்வாசலில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, தடியால் கதவைத் தட்டியது.

பார்லர்காரி கதவைத் திறந்தாள். "அத்தை!"

"அத்தை இல்ல. கஸ்டமர்," என்றாள் மாமியார்.

உள்ளே சீப்பு, கத்தரி, பேச்சு எல்லாம் நின்றது. மேலதிகாரி பாதி வெட்டிய தலையோடு திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, அந்த 'விடறதா இல்லை'..."

"வேற என்ன எழுதறதாம்?" மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "பேர் கேக்குது. என் பேரைப் போட்டா உனக்குத் தெரிஞ்சுபோகும். ஒரு பெண்மணின்னு போட்டு அழுத்தினேன். அது பாட்டுக்குச் சும்மா இருக்கு. சரி, அந்த நேரம் கிடைக்கல போலன்னு அடுத்த நேரத்தை அழுத்தினேன். அதுக்கும் சும்மா இருக்கு. ஒரு வாரமா அழுத்தறேன். என்ன கடை நடத்தறே நீ? ஒரு நன்றி கிடையாது, வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது!"

"நன்றின்னு ஒரு குட்டி ஜன்னல் திறக்குமே அத்தை, பதிவு விழுந்ததும்!"

"எங்க திறந்தது? காட்டு."

அண்ணி முன்னால் வந்தாள். "திறந்ததும்மா, பனிநாட்டுல. உங்க போன் அனுப்பின அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டர் முன்னாடி திறந்து, அங்கேயே மூடிக்கிச்சு. உங்களுக்கு வர்றது பேஜே இல்ல, அதை ஒரு தடவை பார்த்து எடுத்த நகல். நகல்ல குட்டி ஜன்னல் எல்லாம் எப்பவும் திறக்காது. நீங்க அழுத்தினது ஒவ்வொண்ணும் இங்க வந்து விழுந்தது. விழுந்த சேதி மட்டும் உங்களுக்குத் திரும்பி வரல."

"அப்ப எல்லாமே பதிவாயிடுச்சா?"

"இந்த வாரம் மொத்தமும் உங்களுதுதான்மா," என்றாள் தந்தி. "மகாராணி!"

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சது அண்ணி?" என்றாள் பார்லர்காரி.

"டிரையர் ஓடிக்கிட்டே இருக்க, டொக் டொக் மட்டும் நின்னப்ப. சத்தம் நிக்காம தட்டற கை ஏன் நிக்கணும்? தடியைக் கீழ வெச்சாத்தானே போனைக் கையில எடுக்க முடியும். அடுத்தது டிங்."

பார்லர்காரி மாமியாரையே பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை. பதினெட்டுப் படிதானே நடுவுல!"

"உன்கிட்டயா? நானா? முடி வெட்டற கடையான்னு கேட்ட வாயால வெட்டிவிடுன்னு கேக்கச் சொல்றியா? கஸ்டமரா வந்தா நான் காசு குடுக்கறேன், நீ வெட்டறே. யாரும் யார்கிட்டயும் இறங்கிப் போகல." மாமியாரின் குரல் கொஞ்சம் தணிந்தது. "ஒரு வருஷமா ஜன்னல்லேருந்து பார்க்கறேன். உள்ள போறப்ப எப்படியோ போறாளுங்க. வெளிய வரப்ப தலையை ஒரு ஆட்டு ஆட்டிக்கிட்டு வராளுங்க. எனக்கும் ஒரு தடவை அப்படி ஆட்டணும்."

"படத்தை ஏன்மா நிறுத்தி வெச்சீங்க?" என்றாள் தந்தி.

"டேட்டா தீர்ந்தா எவன் போட்டுத் தர்றது? மகன்கிட்ட கேக்கணுமா?"

"இந்த வீட்ல மானம்தான் ஏராளமா இருக்கு," என்றாள் தந்தி. "டேட்டாதான் கம்மி."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பார்லர்காரி கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். "மாடியில இருந்தவங்களைப் பனிநாட்டுல தேடினேன். பனிநாட்டுலேருந்து வந்தவளை வாசலோட துரத்தினேன். அண்ணி, மணி என்ன?"

"நாலே முக்கால்."

லாட்ஜுக்குப் போன் போட்டாள் தந்தி. அறையைக் காலி செய்துவிட்டார்களாம். பார்லர்காரி செருப்பைத் தேடினாள்.

"நீங்க ஓடிப் போறதுக்குள்ள டாக்ஸி போயிடும்," என்றாள் அண்ணி. "திரையைப் பாருங்க. அந்த விலை உசந்த போன் இப்பகூட உங்க பேஜ்லதான் இருக்கு. படம் பார்க்கற கண்ணு அது. படம் போடுங்க."

தந்தி தட்டச்சு செய்ய, பார்லர்காரி சொன்னாள். வழக்கமாக ஒரு மூச்சில் பத்து வார்த்தை பேசுகிறவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கஷ்டப்பட்டு வந்தது. "தங்கச்சி. நீ இல்ல. நான்தான் முட்டாள். முன்வாசல் வழியா வா. உனக்கு எந்த நேரம் வேணுமோ அதை எடுத்துக்கோ." படம் பக்கத்தின் தலைமேல் ஏறியது. கடையில் காத்திருந்த எல்லாப் பெண்களின் போனிலும் அது வந்தது. எல்லோரும் படித்துவிட்டு, படிக்காததுபோல் கூரையைப் பார்த்தார்கள்.

அஞ்சு மணி ஆனது. பதிவு எதுவும் விழவில்லை. டிங் இல்லை. அஞ்சு பத்து. பார்லர்காரி மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தி, ஒரு பக்கத்தை வெட்டி முடித்தாள். வெட்டிய முடியோடு அவள் கண்ணீரும் போர்வையில் விழுந்தது. மாமியார் கண்டுகொள்ளாததுபோல் இருந்தாள். "மை கலையப் போகுது," என்று மட்டும் சொன்னாள்.

அப்போது தெருவில் கடகடவென்று பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம். முன்வாசல் படாரென்று திறந்தது.

"ஏன்டி!" என்றாள் தங்கச்சி. முகம் சிவந்திருந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் போன். "மன்னிப்பு கேக்கற லட்சணமா இது? எந்த நேரம் வேணுமோ எடுத்துக்கோன்னு ஊரறியப் போடறே. டாக்ஸியை அனுப்பிட்டு, ஆசையா திறந்து பார்க்கறேன், வாரம் முழுக்க ஒரு நேரம்கூடக் காலி இல்ல! 'இடமில்லை, இடமில்லை, இடமில்லை'! என்னைக் கூப்பிட்டியா, கேலி பண்ணினியா?"

பார்லர்காரி வாயைத் திறந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட, கத்தரிக்கோலால் நாற்காலியைக் காட்டினாள். கடையே திரும்பி, போர்வைக்குள் ஒரு பக்கம் குட்டை முடியும் ஒரு பக்கம் நீள முடியுமாக உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தது.

"இதுக்கு எதுக்கும்மா சண்டை?" என்றாள் மாமியார். "எல்லாம் என் பேர்லதான் இருக்கு. உனக்கு எது வேணும்னு சொல்லு, தரேன். அதுகூட வேண்டாம், இரு, அடுத்த வாரத்துல உனக்குன்னு நானே ஒண்ணு போட்டுத் தரேன்." போர்வைக்குள்ளிருந்து பழைய போன் வெளியே வந்தது. பெருவிரல் அழுத்தியது. "ஒண்ணும் ஆகலியே."

"டிங்!" என்றது கம்ப்யூட்டர்.

"ஊஹூம், ஆகல." விரல் மறுபடி இறங்கியது.

"டிங்!"

"அழுத்தி அழுத்தி இதோட பட்டனே..."

"டிங்! டிங்!"

"அத்தை!" என்று கத்திக்கொண்டு அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, கத்தரிக்கோல் ஒரு பக்கம் விழுந்தது. இரண்டு பேர் கையும் சேர்ந்து அந்தப் போனைப் பிடித்தன. பிடித்த பிறகு போனை விட்டார்கள், கையை விடவில்லை.

மாமியார் கண்ணாடியைப் பார்த்து, வெட்டின பக்கத்தை மட்டும் மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.